ரெண்டாம் ஜன்னல்

டோக்கன் நாப்பத்தொண்ணு என்னோடதுதானுங்க. பதினோரு மணிக்கே கூப்பிட்டாங்க. காது கேக்காம இல்ல. எனக்கு அவசரமில்லீங்க. நீங்க உக்காருங்க. பையை வேணா இந்தச் சேர்ல வெச்சுக்குங்க, யாரும் வர மாட்டாங்க.

ஒன்றரைக்கு ரெண்டாம் ஜன்னலைச் சாப்பாட்டுக்குச் சாத்துவாங்க. வாசல்லயே எழுதிப் போட்டிருக்கு பாருங்க. அப்புறம் ஒண்ணாம் ஜன்னல் மட்டும்தான். அப்பப் போய் ரிப்போர்ட்டை வாங்கிக்கலாம்னு இருக்கறேன். அதோ ஃபேனுக்கு அடியில, பச்சைச் சேலை, அதுதான் எங்க வீட்டுக்காரி. சாரதாமணி. மூணு தடவை வந்து கேட்டுட்டா, ஏன் போய் வாங்கலைன்னு. கூட்டம் குறையட்டும்னு சொல்லி வெச்சிருக்கேன். கூட்டம் எங்கீங்க இருக்குது, மொத்தமே பதினஞ்சு பேரு. ஆனா அவ நம்பிட்டா. இருபத்திரண்டு வருஷமா நான் சொல்றதை நம்பித்தான் அவளுக்குப் பழக்கம்.

உங்களுக்கு யாருக்குங்க? தங்கச்சிக்கா. எங்க, கழுத்துலயா? அட. சாரதாவுக்கும் கழுத்துதானுங்க. இந்த மாடியில உக்காந்திருக்கற எல்லாருமே கட்டிக்குத்தான் வந்திருக்கோம். சக்கரை, கொழுப்பு எல்லாம் கீழ. அங்க பாருங்க, ஜோக்கடிச்சுட்டு உக்காந்திருப்பாங்க. இங்க யாரும் பேசறதில்லை.

ஜன்னல் சாத்தற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கறேன்னு கேக்கறீங்களா? சும்மா, ஒரு திருப்திக்கு. இல்ல, சொல்றனுங்க. யாருகிட்டயும் சொன்னதில்லை. உங்களை இனி நான் எங்க பார்க்கப் போறேன்.

என் பேரு சிவசண்முகம். சரவணம்பட்டியில கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. ஜாவா. ஆஸ்பத்திரி, பஸ் டிக்கெட்டுன்னு பிரௌசர்ல ஒரு பக்கத்தைத் திறக்கறீங்கல்ல, அதுக்குப் பின்னாடி ஓடற புரோகிராமை எழுதறவன். ஒரு அப்ளிகேஷன்ல நூறு பக்கம் இருக்கும். நூறு பக்கத்துலயும் பிரிண்ட் எடுக்கணும்னா, நூறு தடவை எழுதறவன் முட்டாளுங்க. ஒரே தடவை எழுதணும், ஒழுங்கா எழுதணும், தனியா எடுத்து வெச்சுடணும். காம்பொனென்ட்னு சொல்லுவோம். அப்புறம் யாருக்கு வேணுமோ அவங்க எடுத்துக்கலாம். தேடிப் போகக்கூட வேண்டாம். எனக்கு பிரிண்ட் சர்வீஸ் வேணும்னு பக்கத்தோட தலையில ஒரு வரி எழுதிட்டாப் போதும், அடியில ஃபிரேம்வொர்க்குனு ஒண்ணு ஓடுது, அதுவே கொண்டாந்து கையில குடுத்துரும். இதுக்கு இன்ஜெக்‌ஷன்னு பேரு. இங்க போடற ஊசி இல்லீங்க, பயப்படாதீங்க.

இதுல ஒண்ணைக் கவனிச்சுக்கணும். அந்த சர்வீஸை ஃபிரேம்வொர்க் ஒண்ணே ஒண்ணுதான் செஞ்சு வெச்சிருக்கும். நூறு பேர் கேட்டா நூறு பேருக்கும் அதே ஒண்ணுதான். டீக்கடையில மாஸ்டர் ஒருத்தர்தானே? ஆளுக்கொரு மாஸ்டரா வெக்கறாங்க? புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு இந்த டீ மாஸ்டர் கதையைத்தான் நான் சொல்லுவேன். டக்குனு புரிஞ்சுக்குவாங்க.

அந்த பிரிண்ட் சர்வீஸை நான் எழுதினது பல்லடத்துல ஒரு நூல் மில்லுக்குங்க. ஒன்பது, இல்ல, பத்து வருஷம் ஆச்சு. லாரியில ஏத்தறப்ப ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு சீட்டு அடிக்கணும். சர்வீஸ் லாட் நம்பரை வாங்கி வெச்சுக்கும், காயிதத்தைத் தயார் பண்ணும், அப்புறம் அந்த நம்பரைப் பார்த்து விவரத்தை எடுத்து எழுதும். ரெண்டு மூணு செகண்ட் வேலை. சீட்டோட அடியில மூணு நட்சத்திரம் போட்டேன். அங்க ஒரு கிளார்க்கு இருந்தாரு, அவருக்கு எந்த இடத்துல கிழிக்கறதுன்னு தெரியாது. நட்சத்திரத்துக்குக் கீழ கிழிங்கன்னு சொன்னேன். அவ்வளவு சின்ன விஷயம். ஆனா அதெல்லாம் யோசிச்சு எழுதினதுங்க.

ஒரு தப்பு வந்ததில்லை. ஒண்ணுகூட. அப்புறம் ஒரு சாயப்பட்டறைக்குப் போட்டாங்க, ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போட்டாங்க, ஒரு கூரியர் ஆபீஸுக்குப் போட்டாங்க. லாட்டு நம்பர்னு இருந்ததைச் சும்மா நம்பர்னு மாத்தினேன், அவ்வளவுதான். எங்க கம்பெனியில வருஷா வருஷம் ஒரு ஷீல்டு குடுப்பாங்க. யார் எழுதினது அதிக இடத்துல மறுபடி உபயோகமாகுதோ அவங்களுக்கு. மூணு தடவை எனக்குத்தான். வீட்டுல டிவிக்கு மேல வரிசையா வெச்சிருக்கா சாரதா. அது என்னத்துக்குக் குடுத்தாங்கன்னு அவளுக்குத் தெரியாது, ஆனா வாரா வாரம் தொடைப்பா.

ஃபைலோட தலையில எழுதியே வெச்சிருந்தேன். இதைத் திருத்த வேண்டாம், சந்தேகம் இருந்தா சிவசண்முகத்தைக் கேக்கவும்னு. எழுதினதோட விடலை. பூட்டி வெச்சிருந்தேன். நான் தவிர யாரும் அதுல கை வெக்க முடியாது. ஆளாளுக்குத் திருத்த ஆரம்பிச்சா என்னாகும் சொல்லுங்க.

ஆமாங்க, ரெண்டாம் ஜன்னல் இன்னும் திறந்துதான் இருக்குது. மணி ஒண்ணு அஞ்சுதானே.

அப்புறம் ஒரு ஆஸ்பத்திரி வேலை வந்துச்சு. எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம் விடுங்க. இந்த மாதிரியே கட்டி டெஸ்ட்டு, ரிப்போர்ட்டு. அந்த வேலையை ஒரு பொண்ணுகிட்டக் குடுத்திருந்தோம். கோகிலவாணின்னு பேரு, கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம்தான். கெட்டிக்காரிங்க, அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். பிரிண்ட்டுக்கு என் சர்வீஸ் இருக்கு, எடுத்துக்கோன்னு சொன்னேன். எடுத்துக்கிட்டா. ஒரே வரி.

ஒரு வாரம் கழிச்சு என் சீட்டுக்கு வந்து நின்னா. கையில ஒரு நோட்டு. "சார், உங்க பிரிண்ட் சர்வீஸ் நம்பரை வாங்கித் தன்கிட்டயே வெச்சுக்குது சார்"ன்னா. ஆமா, அதுக்கென்னன்னேன். "ரெண்டு பேர் ஒரே சமயத்துல வந்தா, ரெண்டாவதா வந்தவங்க நம்பர் மொதல்ல வந்தவங்க நம்பரை அழிச்சுடும் சார். அந்த டீ மாஸ்டர் சொன்னீங்கல்ல? ஒருத்தர் சக்கரை இல்லாமன்னு சொல்றாரு. மாஸ்டர் மனசுல வெச்சிருக்காரு. டீ ஆத்தறதுக்குள்ள இன்னொருத்தர் வந்து சக்கரை தூக்கலான்னு சொல்றாரு. ரெண்டு டம்ளர்லயும் சக்கரை போயிரும் சார்."

என் உதாரணத்தை எடுத்து எனக்கே சொல்றா. பக்கத்து சீட்டுல எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க. எனக்குக் கோபம் வருமா வராதா? "ஒன்பது வருஷமா ஓடுதும்மா. நீ வந்து எத்தனை மாசமாச்சு?"ன்னேன். எட்டுன்னா. "போய் வேலையைப் பாரு"ன்னேன். போயிட்டா.

அவ்வளவுதானுங்க அவ கேட்டது. ஒரே ஒரு தடவை. நிஜமாவே சந்தேகம் இருக்கறவ ரெண்டாவது தடவை வந்து கேக்கணுமா இல்லையா? அதைத்தான் நான் அப்புறம் மீட்டிங்லயும் சொன்னேன்.

மெயில் ஒண்ணு போட்டிருந்தா. அதைக் கணக்குல எடுத்துக்க முடியாதுங்க. ஒரு நாளைக்கு எனக்கு நூத்தைம்பது மெயில் வரும். நான் அதைப் பார்க்கவே இல்ல. பார்த்தேன், திறக்கலை. திறந்தேன், ஆனா முழுசாப் படிக்கலை. ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தா. யாருங்க படிக்கறது.

மில்லுல ஒரே கிளார்க்கு. ஒரே டேபிள். அந்த மண்டபத்துல ஒரே மேனேஜர். அதுவரைக்கும் போன இடமெல்லாம் ஒருத்தர் உக்காந்து அடிக்கற இடம். ஆஸ்பத்திரியில ரெண்டு ஜன்னல்.

பழனாத்தாள்னு ஒரு அம்மாங்க. அவிநாசிப் பக்கம் நூலுக்குக் கஞ்சி போடற சைசிங் மில்லுல வேலை. மார்ல கட்டி. அவங்க மொதல் ஜன்னல்ல நிக்கறாங்க, அதே நேரத்துல பக்கத்து ஜன்னல்ல இன்னொரு அம்மா. ஜன்னலுக்கு உள்ள இருந்த ரெண்டு பொண்ணுங்களும் ஒரே செகண்ட்ல பிரிண்ட்டைத் தட்டிட்டாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே முடிவு வந்துச்சு. ஒண்ணுமில்லை, சாதாரணக் கட்டின்னு. பக்கத்து அம்மாவுக்கு அது சரி. இவங்களுக்கு அது சரியில்லை.

நீங்க கேக்கறது புரியுதுங்க. பேரு மாறியிருக்குமே, பார்த்திருக்கலாமேன்னு. அதுதான் இல்லை. மேல பேரு, வயசு எல்லாம் அந்தப் பக்கமே எழுதறது, அது சரியாத்தான் இருக்கும். கீழ இருக்கற முடிவும், ஸ்லைடு நம்பரும்தான் சர்வீஸ் எழுதறது. ஸ்லைடுன்னா கட்டியில எடுத்ததைத் தடவி வெக்கற கண்ணாடித் துண்டு, ஆளுக்கொரு நம்பர். பேரைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அஞ்சு மாசம் அந்தம்மா வேலைக்குப் போயிட்டு இருந்திருக்காங்க, ஒண்ணுமில்லைன்னு நம்பி. முடியாமப் போய் வேற டாக்டர்கிட்டக் காட்டினப்ப அவரு பழைய ரிப்போர்ட்டைக் கேட்டிருக்காரு. ஸ்லைடை எடுத்துப் பார்த்தா நம்பர் வேற. ரெண்டு ரிப்போர்ட்டையும் தேடி எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க. ரெண்டுக்கும் அடியில ஒரே ஸ்லைடு நம்பர். அதுக்கு அடியில என் மூணு நட்சத்திரம்.

அப்புறம் மீட்டிங். காரணம் என்னன்னு ஒரு ரிப்போர்ட் எழுதணும். அதை எழுதச் சொல்லி என்கிட்டயே குடுத்தாங்க, அதுல மூத்தவன் நான்தானே. நான் பொய் எழுதலைங்க. உண்மையைத்தான் எழுதினேன். ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனியா ஒரு சர்வீஸ் குடுன்னு ஃபிரேம்வொர்க்குக்குச் சொல்ல முடியும். ஒரு வரிதான். அந்த வரி எழுதப்படவில்லை. உபயோகித்தவர் கவனக்குறைவு. அப்படி எழுதினேன். படிச்சுப் பாருங்க, ஒரு வார்த்தை தப்பிருக்காது.

அந்த வரியை எந்த ஃபைல்ல எழுதணும்னு கேக்கறீங்களா? என் ஃபைல்லதான். ஆமா, பூட்டித்தான் இருந்துச்சு. அவ வந்து திறந்து குடுங்க சார்னு கேட்டிருக்கலாமில்லீங்களா?

அவளை நீக்கலை. அவளே எழுதிக் குடுத்துட்டுப் போற மாதிரிப் பண்ணினாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு அவங்கப்பா வந்து கூட்டிட்டுப் போனாரு. லிஃப்ட் பக்கத்துல நின்னேன். வணக்கம் சார்னு கும்பிட்டாரு மனுஷன். பொண்ணு என்ன பண்ணிட்டான்னு அவருக்கு ஒண்ணும் தெரியாது. "சின்னப் பொண்ணு, தெரியாமப் பண்ணிட்டா, மன்னிச்சுக்குங்க"ன்னாரு. பரவாயில்லீங்கன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது. லிஃப்ட் கதவு சாத்தறப்ப அவ, "சார், இன்னும் பதினோரு எடத்துல அது இருக்கு"ன்னா. திமிருதானே அது? போற நேரத்துல.

எண்ணிப் பார்த்தேன். பதினொண்ணுதான்.

அந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும் சரி பண்ணிக் குடுத்தோம். மத்த எடத்துல கை வெக்கலைங்க. வெச்சா எதுக்கு வெச்சேன்னு கேப்பாங்க. தப்பு உபயோகிச்சவ மேலன்னு எழுதிட்டு, எழுதினவனே போய்த் திருத்தினா அது என்ன கதை ஆகும்? அதுவுமில்லாம, ரெண்டு பேர் ஒரே செகண்ட்ல தட்டறதெல்லாம் லட்சத்துல ஒண்ணுங்க.

அந்தம்மா இறந்துட்டாங்க. ஆடி மாசம். மகன் எங்க ஆபீஸ் கேட்டுக்கே வந்துட்டாரு. தறி ஓட்டறவரு போல, சட்டையெல்லாம் பஞ்சு. இதை யாருங்க எழுதினது, ஆளைப் பார்த்து ஒரு வார்த்தை கேக்கணும்னு செக்யூரிட்டிகிட்டச் சொல்லிட்டு நின்னாரு. நான் சாப்பிட்டுட்டு வெளியிலிருந்து வர்றேன். ஐடி கார்டைக் கழட்டிச் சட்டைப் பைக்குள்ள போட்டுட்டேன். கழுத்துல கசகசன்னு வேர்த்துட்டு இருந்துச்சு, வெயிலு. அவரு என்னைப் பார்த்து, "ஏனுங்க, நீங்க இங்கதான் வேலை செய்யறீங்களா?"ன்னு கேட்டாரு. இல்லீங்க, கூரியர் குடுக்க வந்தேன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். அவரு மூணு நாள் வந்தாரு. அப்புறம் வரலை.

எனக்கு மனசு கஷ்டமில்லைன்னு நினைக்காதீங்க. கஷ்டம்தான். தூக்கமே போச்சு கொஞ்ச நாள். ஆனா யோசிச்சுப் பாருங்க, நான் ஒரு நூல் மில்லுக்கு எழுதினேன். நூல் மில்லுக்கு அது சரியா ஓடுச்சு. கொண்டுபோய் உசுரு போற எடத்துல வெச்சது யாரு? எடுத்துக்கோன்னு நான் சொன்னேன், சரி. வேண்டாம்னு அவ சொல்லியிருக்கணுமில்ல.

சாரதாவுக்கு இந்தக் கட்டி வந்தது மூணு வாரம் முன்னாடி. தலை வாரறப்ப கையில தட்டுப்பட்டுச்சுன்னு சொன்னா. டாக்டர் இந்த லேபுக்குத்தான் எழுதிக் குடுத்தாரு. போன வாரம் ஊசி போட்டு எடுக்கறதுக்கு வந்தோம். இதே எடத்துலதான் உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒருத்தரு ரிப்போர்ட்டை மடியில விரிச்சு வெச்சுட்டு அழுதுட்டு இருந்தாரு. எதேச்சையா பார்த்தேன். அடியில மூணு நட்சத்திரம்.

பதினோரு எடத்துல இது ஒண்ணு.

அவருக்கு அது சரியான ரிப்போர்ட்டாத்தான் இருந்திருக்கும். லட்சத்துல ஒண்ணுன்னு சொன்னேனில்ல. சொல்லியிருக்கலாமேங்கறீங்களா? யாருகிட்டங்க சொல்றது? அந்த ஜன்னல்ல இருக்கற பொண்ணுகிட்டயா? அவளுக்கு ஜாவான்னா என்னன்னு தெரியுமா? வேற லேபுக்குப் போலாம்னு சாரதாகிட்டச் சொல்லலாம்னு பார்த்தேன். எதுக்குன்னு கேப்பா. அதனாலதான், ஒரு ஜன்னல் மட்டும் இருக்கறப்ப வாங்கிட்டா, நம்ம வரைக்கும் ஒரு கவலையும் இல்ல பாருங்க.

கூப்பிடறாங்க. அம்பத்தெட்டு, ரெண்டாம் ஜன்னல். உங்களுதுதானுங்க. போங்க. மணி என்ன? ஒண்ணு முப்பத்தஞ்சா? இன்னும் சாத்தலையே. இன்னைக்குச் சாத்த மாட்டாங்களா? ஒண்ணாம் ஜன்னல்ல யாரும் இல்லை, நீங்க தைரியமாப் போங்க.

இருங்க. ஒண்ணாம் ஜன்னல்ல அது யாரு, பச்சைச் சேலை. டோக்கனை நான் பையிலதானே வெச்சிருந்தேன். பை அவகிட்ட இருக்குது. சாரதா. ஏ சாரதா, வேண்டாம், நான் வர்றேன்.

வாங்க, உக்காருங்க. நான் போறதுக்குள்ள வாங்கிட்டா. எத்தனை நேரந்தான் உக்காந்திருக்கறது, நானே வாங்கிட்டேங்கறா. ஒண்ணுமில்லையாமுங்க. சாதாரணக் கட்டியாம். படிச்சுட்டு என் தோளைப் புடிச்சுட்டு அழுதுட்டா, இத்தனை பேருக்கு முன்னாடி. மூணு வாரத்துல இன்னைக்குத்தான் சிரிக்கறா. டீ வாங்கிட்டு வர்றேன்னு கீழ போயிருக்கா. "அந்தண்ணன் பாவம் இத்தனை நேரம் உங்களோட பேசிட்டு இருந்தாரு, அவருக்கும் சேர்த்து வாங்கறேன்"னா.

உங்க தங்கச்சிக்கும் ஒண்ணுமில்லையா? ரொம்பச் சந்தோஷமுங்க. குடுங்க பார்க்கலாம். பேரு சரியா இருக்கு. வயசு முப்பத்தெட்டுதானே, சரி. மேல எல்லாம் சரியா இருக்குதுங்க. மடிச்சு உள்ள வெச்சுக்குங்க.

சாரதாவோடதா? அது எதுக்குங்க உங்களுக்கு? சரி, இந்தாங்க. பாருங்க. நான் பார்க்க வேண்டாம்னு சொல்லலையே.

அடியில, நட்சத்திரத்துக்கு மேல. ஆமா, அதுதான் ஸ்லைடு நம்பர். நாலு நாலு ஒண்ணு ஏழு. உங்களதை நீங்க படிக்க வேண்டாம், எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியுது. நாலு நாலு ஒண்ணு ஏழு.

எங்கீங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க, கையை விடறேன், நீங்க உக்காருங்க. ஜன்னல் எங்கயும் போயிராது. ஒருத்தரா நின்னு மறுபடி எடுத்தா சரியா வந்துரும், எனக்குத் தெரியாதா, நான் எழுதினது. அதோ படியேறி வர்றா பாருங்க. மூணு கப்பையும் ரெண்டு கையில புடிச்சுட்டு, சிந்தாம, கீழ பார்த்துட்டே வர்றா. அவ அந்த டீயைக் குடிச்சு முடிக்கட்டுமுங்க.

அந்த ஸ்லைடு ரெண்டு பேர்ல யாரோடதுன்னு கேக்கறீங்க. காதுல விழுந்துச்சு. ஒரு தடவை கேட்டுட்டீங்க. அவ முன்னாடி ரெண்டாவது தடவை கேக்காதீங்க.